எட்டு அஞ்சு ஃப்ளைட்

"அய்யய்யோ... மணவாளன் சாரு!"

காலை ஏழு மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில். பெருக்குவதற்காக ஸ்டோர் ரூமைத் திறந்த அங்காளம்மாள் போட்ட அலறலில் மில்லே ஓடி வந்தது.

சேஃப்டி ஆபீசர் மணவாளன் மண்டை உடைந்து பிணமாகக் கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஸ்பேனர்!

எட்டே முக்காலுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் சின்னராசு கேஸையே முடித்துவிட்டார். ஹெல்மெட் போடவில்லை என்று நேற்று மணவாளன் திட்ட, ஆபரேட்டர் அன்பு பதிலுக்குக் கத்தியிருக்கிறான். போதாதா? மாட்டு விலங்கை!

ஜீப் கிளம்பியது.

க்ரீச்ச்ச்!

வெள்ளை டாக்ஸி ஒன்று கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. இறங்கினாள் ஹெலன். அன்புவின் மனைவி. தினமும் ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறவள்.

"வண்டியை எடும்மா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எடுக்க மாட்டேன் சார்! எம் புருசனை எறக்கி வுடுங்க, எடுக்கறேன்."

"உன்னையும் சேர்த்து உள்ள தள்ளுவேன்!"

"தள்ளுங்க! தப்பே பண்ணாத ஆளு கையில வெலங்கு மாட்டிட்டீங்க. இனிமே எனக்கு இன்னா பயம்?"

ஜீப்புக்குள்ளிருந்து அன்பு கெஞ்சினான். "வாணாம் ஹெலனு..."

"நீ சும்மா குந்து!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் ஜெனரல் மேனேஜர் பரத். கையில் சூட்கேஸ். முகத்தில் ஊருக்கே போதுமான துக்கம்.

"என்ன கொடுமை இன்ஸ்பெக்டர் இது! இப்பதான் ஐதராபாத்லேர்ந்து வர்றேன். ஒண்ணேகால் மணி நேர ஃப்ளைட். எட்டு அஞ்சுக்கு சென்னையில இறங்கி, நேரா இங்கதான்!"

ஹெலன் மணி பார்த்தாள். எட்டு ஐம்பது!

"எட்டு அஞ்சுக்கு மீனம்பாக்கம்... எட்டு அம்பதுக்கு கும்மிடிப்பூண்டியா? நானே ஓட்னாலும் ரெண்டு மணி நேரம் ஆவும் சார்! ஐதராபாத் கிட்டக்க கீது. வழியில டிராபிக்ல நிக்கற புழலும் காரனோடையும்தான் தூரம்!"

"ரோடு காலியா இருந்துச்சு. இதோ போர்டிங் பாஸ்!" பரத் செல்போனை நீட்டினார்.

"வெப் செக்-இன் பண்ணா, ஊட்ல படுத்துக்கினே வாங்கலாம் இத்த!"

"பெரிய மனுஷர்கிட்ட மரியாதையா பேசு!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

ஏர்போர்ட் சவாரிக்காரர்கள், எந்த ஃப்ளைட் எப்போது இறங்கும் என்று செல்லில் பார்த்துவிட்டுத்தான் சாவியையே திருகுவார்கள். ஹெலனும் பார்த்தாள். சிரித்தாள்.

"அந்த ஃப்ளைட்டு லேட்டு சார். இன்னும் ஆகாசத்துலயே சுத்திக்கினு கீது!"

பரத் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"ஆ... ஆமாம்! லேட்னு சொன்னாங்க. அதான்... அதை விட்டுட்டு, முந்தின ஃப்ளைட்ல..."

"எட்டு அஞ்சுக்கு இறங்கினேன்னு இப்பதானே சொன்னீங்க?" இன்ஸ்பெக்டரின் குரல் மாறியது.

ஹெலன் செல்லை அவர் பக்கம் திருப்பினாள்.

'8.05. தரையிறங்கியது.'

"கரெக்ட் டைமுக்கு எறங்கிடுச்சு சார்! இவரு அதுல வந்திருந்தா, 'பொய் சொல்றியா'ன்னு என்னை அறைஞ்சிருப்பாரே?"

சூட்கேஸ் நழுவி விழுந்தது.

"கிரேன் சங்கிலி தேஞ்சு போச்சுன்னு கவர்மென்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பப் போறேன்னான் மணவாளன்..." பரத் முனகினார். "அனுப்பினா மில்லையே மூடிடுவாங்க..."

விலங்கு கை மாறியது. அன்பு ஜீப்பிலிருந்து குதித்தான், பரத் ஏறினார்.

ஹெலன் டாக்ஸியைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டாள். ஜன்னல் வழியே பரத்தைப் பார்த்துத் தலையை நீட்டினாள்.

"ஸ்டேசன் நாலு கிலோமீட்டரு சார்... இதுக்காச்சும் டைமை ஒழுங்கா சொல்லுங்க!"