செலினியச் சொட்டு

ஒரு வாரமாக ரூபி சமையலில் பூண்டே சேர்க்கவில்லை. ஆனாலும் ஈசூன் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்ததும், அழுகிய பூண்டின் வாடை, மழை ஈரத்தோடும் காயாத துணிகளின் புழுங்கல் நாற்றத்தோடும் கலந்து அவள் தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. அது சமையலறையிலிருந்து வரவில்லை. சோபாவில் சாய்ந்திருந்த கணவர் ஆம்ப்ரோஸின் மூச்சிலிருந்து வந்தது.

அவர் கழுத்தின் இடப்பக்கம் எலுமிச்சை அளவில் புற்றுக்கட்டி. டாக்டர்கள் கைவிரித்துவிட்ட பிறகு, தான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து செலினியக் கரைசலை ஒரு குப்பியில் கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலந்து குடித்துவந்தார்.

“மைக்ரோஸ்கோப்புல நானே பார்த்தேன் ரூபி. கேன்சர் செல்லுக்குள்ள துரு ஏறுற மாதிரி ஏறும். தாங்க முடியாம அதுவே சாக ஆரம்பிச்சிரும். கொப்புளம் கொப்புளமா பொங்கி, துண்டு துண்டா உடையும். பக்கத்து செல்லுங்க அதை முழுங்கிரும். கிளீனா முடிஞ்சிரும் லா.”

“நல்ல செல்லுக்கு ஒண்ணும் ஆகாதாங்க?”

“அளவு மீறாத வரைக்கும் ஆகாது. மீறினாத்தான் மூச்சுல பூண்டு நாத்தம் வரும்.”

“நீங்க மீறலையே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குளியலறை வடிகால் சல்லடையில் அவருடைய ஈரமான முடிக்கொத்துகள் கிடந்தன. அவள் விரலால் இழுத்தபோது அவை வழவழவென்று நீண்டு வந்தன. மறுநாள் அவர் தலையணை உறையை உதறியதும் தரையில் ஏதோ தெறித்தது. குனிந்து எடுத்தாள். நகம். வெளுத்துப்போன முழு நகம், அடியில் இன்னும் ஈரத்தோடு. அதை உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

“டாக்டர்கிட்ட போகலாங்க. ப்ளீஸ்.”

“கட்டி கரையுது, பாரு.”

உண்மைதான். கரைந்துகொண்டிருந்தது.

ஞாயிறு மாலை, கரைசலைக் கொட்டிவிடுவதென்று முடிவு செய்து அலமாரியைத் திறந்தாள். குப்பி காலி. அடியில் மட்டும் செங்கல் நிற வண்டல்.

“பசிக்குது ரூபி.”

குரலில் ஏதோ குழைந்திருந்தது. கஞ்சிக் கிண்ணத்தோடு போனாள். சட்டைக் காலரை அவர் விலக்கியிருந்தார். கட்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு குழி. பளபளப்பாக. ஓரங்களில் தோல் நுரைத்துக்கொண்டிருந்தது.

ஒரு கரண்டி ஊட்டினாள். விழுங்கினார். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கண்களையும்.

விழுங்கும் சத்தம் நிற்கவில்லை. மெல்லிய, ஈரமான சத்தம்.

அவர் உதடுகள் அசையவில்லை. குழி மட்டும் பக்கத்துச் சதையை விழுங்கிக்கொண்டிருந்தது. தோளை நோக்கி, மெதுவாக.