அறுபத்தைந்தாவது பெட்டி

"வீ...ல்ல்ல்!"

எதிர் வீட்டு மொட்டைமாடிப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

அலறியது டீச்சர்.

அவள் தேடியது குக்கர் மூடியை.

கிடைத்தது ஒரு மனிதன்!

இடுப்பளவு உயர அட்டைப்பெட்டி. உள்ளே, கால்களை மடக்கி, முழங்கால்மேல் தாடையை ஊன்றி, கண்களைத் திறந்தபடி... வீட்டு புரோக்கர்! இந்த வீட்டை அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்த அதே ஒல்லி ஆசாமி. பின்மண்டையில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது.

"ஏன் இப்படிக் கத்தறே?" மாடிப்படியில் புருஷன் தோன்றினான். "குடி வந்து மூணு நாள்தான் ஆகுது. தெருவுல நமக்குன்னு ஒரு இமேஜ் வேண்டாமா?"

"ஏங்க... பொட்டியில... ஆளு...!"

புருஷனை அறிமுகம் செய்துவிடலாம். பெரிய நகரத்தில், பெரிய கம்பெனியில், பெரிய பதவியில் இருந்தவன். மூன்று வாக்கியத்துக்கு ஒரு 'சிஸ்டம்' போடுவான். ஆபீசில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரும் அதுவே. போன மாதம் வேலையை உதறினான். அதாவது, வீட்டில் அப்படிச் சொன்னான். பெண்டாட்டியின் பதினாலு வருஷக் கணக்கு டீச்சர் வேலையையும் கையோடு உதற வைத்தான். 'எளிமையான வாழ்க்கை' வாழ அவளையும் பத்து வயது மகளையும் இந்தச் சின்ன ஊருக்கு ஓட்டி வந்தான்.

அந்த எளிமைக்கு அறுபத்து நாலு அட்டைப்பெட்டிகள் தேவைப்பட்டன!

அறைக்கு ஒரு கலர். பெட்டிக்கு ஒரு நம்பர். லேப்டாப்பில் அட்டவணை. இத்தனையும் இருந்து, குக்கர் மூடி எந்தப் பெட்டியில் என்று அட்டவணைக்கே தெரியவில்லை. அறுபத்து நாலையும் கவிழ்த்துப் பார்த்த டீச்சர், அதிகப்படியாக ஒன்று நிற்கிறதே என்ற சந்தோஷத்தில்தான் அதையும் கிழித்தாள்...

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. ஜீப்புக்கு முன்பே தெரு வந்து கேட்டில் தொங்கியது.

இன்ஸ்பெக்டர் பெட்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"மண்டையில பலமா ஒரே அடி. நேத்து மத்தியானம் ரெண்டுலேருந்து நாலுக்குள்ள போயிருக்கணும்... ஆமா, லேபிள்ல அறுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. மொத்தம் எத்தனை பெட்டி?"

"அறுபத்து நாலு," என்றான் சிஸ்டம். "வீடு மாத்தறதுன்னா சாமானை ஏத்தி இறக்கறது இல்ல இன்ஸ்பெக்டர். அது ஒரு சிஸ்டம்! அதுக்காகவே முப்பத்திரண்டு பக்கத்துக்கு நான்..."

"பக்கமெல்லாம் அப்புறம் படிக்கறேன். லேபிள் யாரோட கையெழுத்து?"

சிஸ்டம் பெருமூச்சு விட்டான். கண்ணாடி முன் நின்று பழகிய பெருமூச்சு.

"என் மிஸஸ் எழுதினது. நூறு லேபிள் எழுதச் சொன்னேன். மிச்சம் முப்பத்தாறும் அவகிட்டதான் இருந்துச்சு."

டீச்சர் வெடுக்கென்று திரும்பினாள்.

"என்னங்க சொல்றீங்க? மிச்சத்தை எண்ணி வாங்கி வெச்சது நீங்கதானே!"

"பதறாதே. நடந்ததைச் சொல்லிடு. நல்ல வக்கீலா நான் பாக்கறேன்."

"நேத்து அந்த நேரத்துல எங்கம்மா இருந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காஸ் ஏஜென்சியைத் தேடிப் போனேன் சார். பூட்டியிருந்துச்சு. வழி தெரியாம சுத்திட்டு நாலு மணிக்கு மேலதான் வந்தேன்."

"பாத்தவங்க யாராவது?"

"உச்சி வெயில்ல தெருவுல நாய்கூட இல்லையே சார்!"

"சார், நீங்க?"

"மாடியில. ஆபீஸ் மீட்டிங். ராஜினாமா பண்ணியும் விட மாட்டேங்கறாங்க. என்னைக் கேக்காம அவங்களுக்கு ஒரு முடிவு எடுக்க வராது. காதுல ஹெட்போன். கீழ குண்டு வெடிச்சிருந்தாலும் கேட்டிருக்காது!"

"புரோக்கருக்கும் உங்க மனைவிக்கும் ஏதாச்சும் தகராறு?"

"சொல்லவே சங்கடமா இருக்கு... வந்த அன்னிக்கு, 'அந்தாள் மண்டையை உடைக்கணும்'னா."

"குழாயில தண்ணி வரலைன்னா யாருமே சொல்றதுதான் சார் அது!"

"ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்கம்மா." இன்ஸ்பெக்டர் கண் காட்ட, பெண் கான்ஸ்டபிள் நெருங்கினாள்.

டீச்சர் மணியைப் பார்த்தாள்.

"நாலரைக்குப் பொண்ணு ஸ்கூல்லேருந்து வந்துடுவா சார்... நான் இல்லேன்னா..."

"அவளுக்கு நான் டைம்டேபிள் போட்டாச்சு," என்றான் சிஸ்டம். "காலை அஞ்சரைலேருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும்."

போட்டாச்சா?

எப்போது?

பெண்டாட்டியைப் போலீஸ் கூப்பிட்டே இன்னும் ஒரு நிமிஷம் ஆகவில்லையே!

டீச்சரின் பார்வை பெட்டிக்குப் போனது. பிய்ந்து தொங்கிய டேப்பின் நுனி, ஒரு விரல்கடை உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அடுத்த முறை நகத்தால் சுரண்டாமல் பிரிக்க வேண்டுமாம். உலகத்தில் ஒரே ஒரு ஜந்துதான் அப்படி மடிக்கும். அந்த ஜந்துவுடன் பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

ஆனால் சொல்லி என்ன பயன்? டேப்பை மடித்ததற்கு எந்தக் கோர்ட்டும் ஒருவனை உள்ளே போடாது. கையெழுத்தோ அவளுடையது. சாயங்காலம் மகள் வந்து நிற்கும் வீட்டில், இவன் மட்டும் இருப்பான்...

ஒரு கணம்.

ஒரே ஒரு கணம் யோசித்தாள்.

"நான்தான் சார் கொன்னேன்."

கேட்டில் தொங்கிய தெரு மூச்சை நிறுத்தியது!

சிஸ்டத்தின் முகத்தில் நிம்மதி வழிந்தது. கைக்குட்டையை எடுத்து, வராத கண்ணீரைத் துடைத்தான்.

"பெட்டியில போட்டுக் கட்டினதும் நான்தான்," என்றாள் டீச்சர். "பாருங்க சார், எப்படிக் கட்டியிருக்கேன்னு!"

"நல்லாத்தான் கட்டியிருக்கு. ஒரு முழு ஆளு... அடி பிய்யலையே!"

"அதுக்கு ஒரு சிஸ்டம் இருக்கு சார். என்னோட சிஸ்டம்."

சிஸ்டத்தின் இடது கண் துடித்தது.

"கலர், நம்பர், அட்டவணை... எல்லாமே என் மூளைதான் சார். இவர் பக்கத்துல உக்காந்து பென்சில் சீவிக் குடுத்தார்."

இன்ஸ்பெக்டருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவர் பார்வை அவளை விட்டுப் புருஷன் மேல் போய் உட்கார்ந்தது.

"அடடா! நான்கூட சாரோட மூளைன்னு நெனச்சேன்."

"இவரா? பாவம் சார், ஒரு செருப்பு டப்பாவைக்கூட ஒழுங்கா ஒட்ட வராது. இந்த அடி டேப்பைப் பாருங்க. நாலே நாலு சுத்து..."

"ஆறு!"

சிஸ்டம் கத்தியேவிட்டான்.

"என்ன சார்?" என்றார் இன்ஸ்பெக்டர், மிக மிக மரியாதையாக.

"ஆறு சுத்து! நாலு சுத்துல எவனாவது ஒரு ஆளைத் தாங்க வைக்க முடியுமா? குறுக்கே ஆறு, நெடுக்கே மூணு! அடியில ரெட்டை அட்டை! ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் என் ஸ்வெட்டர்! தனி ஆளா, முப்பதே நிமிஷம்! இவளுக்கு இதெல்லாம்..."

நிறுத்தினான்.

நிறுத்தி என்ன? வாய் முந்திக்கொண்டது!

"முப்பது நிமிஷம்..." இன்ஸ்பெக்டர் நிதானமாகக் குறித்துக்கொண்டார். "மீட்டிங்குக்கு நடுவுலயா சார்?"

சிஸ்டம், 'உடையும் பொருள்' என்று எழுதியிருந்த பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"கமிஷன் பாக்கி கேட்டு வந்தவன், சிரிச்சான் இன்ஸ்பெக்டர். அவன் மச்சான் எங்க ஆபீஸ்ல வாட்ச்மேனாம். 'கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்களாமே சார், வீட்டம்மாவுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டான். அப்ப கையில, 'சிறந்த தலைவர்'னு குடுத்த பித்தளைக் கேடயம்..."

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" டீச்சர் அவன் எதிரே வந்து நின்றாள். "அப்ப எளிமையான வாழ்க்கை... மண் வாசனை... எல்லாம்? நான் என் வேலையை விட்டது... உங்க வெட்கத்தை மறைக்கவா?"

"உனக்குப் புரியாது. அதுக்குப் பேர் திட்டமிடல்."

"நடங்க திட்டமிடல்," என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு விழுந்தது. வாசலைத் தாண்டுமுன் சிஸ்டம் திரும்பினான். ஏதோ மன்னிப்பு கேட்கப் போகிறான் என்று கான்ஸ்டபிள்கூட நின்றாள்.

"இன்ஸ்பெக்டர், ரிப்போர்ட்ல ஆறு சுத்துன்னு கரெக்டா எழுதுங்க. நாலுன்னு போட்டுடாதீங்க!"

புரோக்கரை ஒரு வண்டியும், சிஸ்டத்தை ஒரு வண்டியும் ஏற்றிக்கொண்டு போயின.

தெரு மெல்லக் கலைந்தது. எதிர் வீட்டுக்காரி மட்டும் தயங்கித் தயங்கிப் படியேறினாள். என்ன கேட்பது என்று தெரியாமல், புதிதாகக் குடி வந்தவர்களிடம் எல்லாரும் கேட்பதையே கேட்டு வைத்தாள்.

"சாமானெல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சாம்மா?"

டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆயிட்டிருக்குக்கா. உதவாத சாமான் ஒண்ணு இப்பத்தான் வெளியே போச்சு... வீடு எவ்வளவு பெரிசுன்னு இப்பத்தான் தெரியுது!"