நிழல்குழி வாசம்

நிலவின் தென்முனை நகரத்தில் யாரும் தூங்குவதில்லை. மலைவிளிம்பைச் சுற்றிச் சுற்றி வரும் சூரியன் அங்கே மறைவதே இல்லை. பிடரியில் பதித்த விழிப்பி, களைப்பு எட்டிப் பார்க்கும்போதே அதைத் துடைத்துவிடும். காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த சிதம்பரநாதன் கடைசியாகத் தூங்கியது கல்யாணத்துக்கு முன்பு.

கல்லீரலில் புற்றுநோய் என்று டாக்டர் மெஹ்ருன்னிசா சொன்னபோது அவர் பயந்தார். மருந்தோடு இருட்டும் வேண்டும் என்றபோது இன்னும் பயந்தார்.

"இருட்டுல மூளை மெலடோனின் சுரக்கும். கட்டியை அடக்க அது மருந்துக்குத் துணையா நிக்கும்னு நம்புறோம். வெளியிலேர்ந்தும் குடுப்போம். ஆனா உங்க உடம்பும் சுரக்கணும். வெளிச்சம் பட்டா நின்னுடும்."

விழிப்பியைக் கழற்றி, அவரை நிழல்குழிக்கு அனுப்பினார்கள். சூரியன் எட்டிப் பார்த்தே இராத பள்ளத்தின் அடியில் ஓர் அறை. சிதம்பரநாதன் புரண்டார், எழுந்து உட்கார்ந்தார், சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். கண்ணை மூடினால் கட்டி வளர்வது போலிருந்தது. திறந்தாலும் அப்படியே இருந்தது.

சில வாரங்கள் கழித்தும் கட்டி சுருங்கவில்லை. மெலடோனின் அளவு ஏறுவதும் சட்டென்று விழுவதுமாக இருந்தது.

"உள்ளே எங்கிருந்து வெளிச்சம் வருது?" என்று டாக்டர் கேட்டார்.

சிதம்பரநாதன் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அங்கே எல்லோரையும்போல அவருக்கும் உள்ளங்கைத் தோலுக்கடியில் ஒளிரும் கைத்திரை இருந்தது.

"மெலடோனின் ஏறியிருக்கான்னு அப்பப்போ பார்த்தேன், டாக்டர்."

"நீங்க பார்க்கப் பார்க்கத்தான் அது இறங்குது."

கைத்திரையை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கை அரித்தது. வெற்று உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி நாச்சியார் தன் கைத்திரையை அணைத்துவிட்டு உள்ளே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைக்குப் போகலையா நீ?"

"போகலை. படுங்க."

"நான் தூங்கி, எழுந்திருக்காமலே போயிட்டா?"

"எழுப்பத்தானே நான் இருக்கேன்."

அவர் தூங்கினார். அடுத்தடுத்த வாரங்களில் கட்டி பாதியாகச் சுருங்கியது.

செய்தி நகரமெங்கும் பரவியது. டாக்டர் கேட்டுக்கொண்டதால், இருட்டில் இருப்பது எப்படி என்று சிதம்பரநாதன் எல்லோருடைய கைத்திரைக்கும் போகும்படி ஓர் உரை பதிவுசெய்தார். அதன்பிறகு, தினமும் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கூரையின் மறைப்புகளையெல்லாம் இறக்கி நகரத்தை இருட்டாக்குவது என்று நகர மன்றம் முடிவெடுத்தது.

முதல் இருட்டைப் பார்க்க, கணவனும் மனைவியும் நகரத்தின் நடுக்கோபுரத்தில் ஏறி நின்றார்கள். சூரியன் மறைந்தது. விளக்குகள் வரிசையாக அணைந்தன. கண் பழகியதும் கீழே பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு ஜன்னலுக்குள், படுக்கைக்குப் படுக்கை, உள்ளங்கைகள் நீலமாக மினுங்கிக்கொண்டிருந்தன.

"என்ன பண்றாங்க எல்லாரும்?" என்றார் சிதம்பரநாதன்.

நாச்சியார் தன் கையை விரித்துப் பார்த்தாள். "உங்க பேச்சைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, அந்த வெளிச்சத்தின் மேல் குனிந்தார்.

"எத்தனை பேரு பார்க்கறாங்க, காட்டு."