தஞ்சோங் மாலிம் போன ஊதா டப்பா

பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் லோரியில் ஏறிவிட்டது.

பிரமிளா அதைச் சமையலறை சன்னல் வழியாகப் பார்த்தாள். ஓடிப் போய் அலமாரியைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் சன்னலுக்கு ஓடி வந்தாள். இப்போது சோபா வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

"அப்பா! அம்மா சுட்ட முறுக்கு இங்கதானே இருந்துச்சு. எங்க?"

அப்பா பழனியப்பன் கூடத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் இரவுச் சந்தையில் துணி விற்பவர். எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் வைத்திருப்பார். இந்தக் கேள்விக்கு மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

"எந்த முறுக்கு?"

"மாக்சிக் டப்பாவில போட்டுக் குடுக்கணும்னு அம்மா காலையில சொல்லிட்டு வேலைக்குப் போனாங்களே, அந்த முறுக்கு!"

"ஓ, அதுவா. உடைஞ்சத மட்டும்தான் சாப்பிட்டேன்மா."

"பாட்டிலே காலியா இருக்கு!"

"எல்லாமே உடைஞ்சிருந்துச்சுலா. நான் என்ன பண்றது?"

பிரமிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசை மேல் ஒரு பச்சை டப்பா அவளையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அது பக்கத்து வீட்டு ரோஸ்னா மாக்சிக்கின் டப்பா. மலாய்க்கார அத்தைகளை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள். போன வாரம் அந்த டப்பா நிறைய, மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் வந்தது. புரட்டாசி மாதம் பிரமிளா வீட்டில் இறைச்சியும் முட்டையும் கிடையாது என்று மாக்சிக்குக்குத் தெரியும். அதனால் கறிபாப் உள்ளே உருளைக்கிழங்கு மட்டும்தான்.

டப்பா வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் காலியாகக் கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எந்த அரசாங்கமும் போடவில்லை. இருந்தாலும் அந்தத் தெருவில் யாரும் அதை மீறியதில்லை. வடை போகும், குவே என்ற மலாய்ப் பலகாரம் வரும். கேசரி போகும், வாழைப்பழப் பணியாரம் வரும். அம்மாவும் மாக்சிக்கும் சந்தை வியாபாரிகளைவிடக் கெட்டிக்காரர்கள். கடைசியாக வாங்கியவள் தானாக இருக்க இரண்டு பேரும் விடவே மாட்டார்கள்.

இன்றைக்கு அந்தக் கணக்கு முடியப் போகிறது. மாக்சிக்கின் கணவருக்குத் தஞ்சோங் மாலிமில் வேலை மாற்றல். மாக்சிக் போகிறார். அவருடைய மகள் அலியாவும் போகிறாள்.

அதுதான் பிரமிளாவைச் சன்னலுக்கும் அலமாரிக்கும் ஓட வைத்தது.

அலியாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடம்தான் வேறு வேறு. முன்பெல்லாம் எதிர்வீட்டு மிஷெலும் அவர்களோடு இருந்தாள். மிஷெல் தாப்பா ஊருக்கு வீடு மாறிப் போனபோது, "தெனம் போன் பண்றேன்" என்றாள். பிரமிளாவும் அலியாவும் இன்னும் காத்திருக்கிறார்கள்.

"நான் கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கிட்டு வாரேன்" என்றார் அப்பா.

"அம்மா எப்பவாவது கடைச் சாமான் போட்டுக் குடுத்திருக்காங்களா? மாக்சிக் என்ன நெனைப்பாங்க?"

டொக்! கூரையில் ஏதோ விழுந்தது. பிரமிளா துள்ளினாள். ரப்பர்க் கொட்டைதான். அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். வீடுகளுக்குப் பின்னால் இன்னும் சில மரங்கள் நிற்கின்றன. வெயில் ஏறினால் காய்கள் வெடித்துக் கொட்டைகள் தெறிக்கும்.

அலமாரியின் மூலையில் ஒரு பெரிய ஓட்ஸ் பாக்கெட் இருந்தது. அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் என்று கிளினிக்கில் சொன்னதும் அம்மா வாங்கியது. அப்பா ஒரே ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு, "பேப்பரை வேகவச்ச மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார்.

பிரமிளா பாக்கெட்டைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரு படம். ஓட்ஸ், உலர்திராட்சைக் குக்கீ. செய்முறையும் இருந்தது.

"அப்பா! அலியாவுக்குக் கிஸ்மிஸ்னா உயிர்! தீபாவளிக்கு அம்மா வாங்கி ஒளிச்சு வச்சிருக்காங்கல்ல?"

"அதைத் தொட்டா உங்கம்மா..." என்று ஆரம்பித்த அப்பா, காலி முறுக்கு பாட்டிலைப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டார். "சரி, எடு. ஓட்ஸ் ஓடாத சரக்கு. இன்னைக்கு ஓட்டிடலாம். ஓவனை நான் பாத்துக்கிறேன். நீ கிட்ட வரக் கூடாது."

செய்முறையில் எல்லாம் கப் கணக்கு. வீட்டில் அளவுக் கப் இல்லை. அப்பாவின் தேத்தண்ணி மக் இருந்தது. அதற்குள் ஒரு பூனைக்குட்டி தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். பிரமிளா அதையே எடுத்து ஓட்ஸ், மாவு, சீனி என்று மளமளவென்று அளந்து கொட்டினாள். பட்டரை மட்டும் அதைச் சுற்றியிருந்த தாளின் அளவுக் கோட்டைப் பார்த்துச் சரியாக வெட்டினாள். முட்டைக்குப் பதில் ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டாள்.

கிண்டினாள். கிண்டிக்கொண்டே சன்னலைப் பார்த்தாள். அலியாவின் சைக்கிளை லோரிக்காரர் ஒரு கையால் தூக்கினார்.

"சைக்கிள் ஏறிடுச்சுப்பா!"

"சைக்கிள விடு. இதப் பாரு."

பிரமிளா பார்த்தாள். சட்டிக்குள் மாவு உருளவில்லை. உதிர்ந்தது.

"வீடு கட்ட இறக்கின மணல் மாதிரி இருக்கு" என்றார் அப்பா. "கொஞ்சம் சிமெண்ட் வாங்கிட்டு வரவா?"

"விளையாடாதீங்கப்பா!" அவளுக்குக் கண் கலங்கியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஓடிப் போய்ப் படுக்கையில் விழலாம் போல் இருந்தது. அடுத்த நொடியே பாக்கெட்டை மறுபடியும் எடுத்தாள். மக்கைப் பார்த்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள்.

"மக் ரொம்பப் பெருசு. அதனால ஓட்ஸ், மாவு, சீனி எல்லாம் டபுளாயிடுச்சு. பட்டரும் பழமும் மட்டும் பழைய அளவுல நிக்குது. அவ்ளோதான்!"

"அப்போ?"

"பட்டரையும் பழத்தையும் டபுளாக்கணும்."

தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த பட்டர் முழுவதும் உள்ளே போனது. இன்னொரு பழமும் போனது. மாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டையானது. கிஸ்மிஸை இரண்டு கைகளாலும் அள்ளிப் போட்டாள். அப்பா அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தார்.

முதல் தட்டு ஓவனுக்குள் போனது. பிரமிளாவால் நிற்க முடியவில்லை. சன்னலுக்கு ஓடினாள். ஓவன் பக்கம் வந்தாள். மறுபடியும் சன்னல்.

"வெந்துருச்சாப்பா? தெறந்து பாருங்க!"

"இப்பதானேமா பாத்தேன். தெறந்து தெறந்து பாத்தா சூடு எல்லாம் வெளிய போயிடும்." அப்பா ஓவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதனுடன் பேரம் பேச ஆரம்பித்தார். "தம்பி, பாரு. நாங்க அவசரத்துல இருக்கோம். நீயும் கொஞ்சம் எறங்கி வா."

ஓவன் இறங்கி வரவில்லை. நல்ல வேளையாக லோரிக்காரர்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர்கள் மென்று முடிப்பதற்குள் தட்டுத் தட்டாகக் குக்கீ வெந்து வந்தது. ஓரம் பொன்னிறம், நடுவில் மெத்து. சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துப் போகும் என்று அப்பா கடைக்கு எடுத்துப் போகும் மின்காற்றாடியை மேசை மேல் வைத்துக் குக்கீ பக்கம் திருப்பிவிட்டார். வீடு முழுக்க வெண்ணெய் வாசனை பறந்தது.

பச்சை டப்பா நிறைந்தது. மேசையில் இன்னும் அதைவிட அதிகமான குக்கீ மிச்சம் இருந்தது. எல்லாம் அந்த மக் செய்த வேலை.

"மிச்சத்த நாம வச்சுக்குவோம். ஓட்ஸ்தானே, ஒடம்புக்கு நல்லது" என்று அப்பா கையை நீட்டினார்.

பிரமிளா பச்சை டப்பாவைக் கையில் எடுத்தாள். வாசல் வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

இந்த டப்பா போகும். அவ்வளவுதான். இனி அந்த வீட்டிலிருந்து இங்கே திரும்பி வர வேண்டியது எதுவும் இல்லை. மிஷெலும் தன் பொருள்களை எல்லாம் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

பிரமிளா திரும்பி ஓடி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அலமாரியின் உச்சியில் இருந்து ஊதா நிறத்தில் ஒரு பெரிய டப்பாவை இறக்கினாள்.

அப்பாவின் வாயில் பாதிக் குக்கீ அப்படியே நின்றது.

"அடியே! அது அம்மாவோட சைவ டப்பா! கோயிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துட்டுப் போறது! அத நான் தொட்டாலே வீட்டுல ரெண்டு நாள் சண்டை!"

"தெரியும்பா. இந்த டப்பாவ அம்மா விட்டுடுவாங்களா?"

"என்னை வேணா விடுவா. இத விட மாட்டா."

"அதான்" என்றாள் பிரமிளா.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு மெல்ல வாயைத் துடைத்துக்கொண்டார். "பசார்ல இத்தனை வருஷம் வியாபாரம் பண்றேன். எனக்கு இது தோணலயே" என்றவர், மிச்சக் குக்கீயை அவரே ஊதா டப்பாவில் அடுக்க ஆரம்பித்தார்.

லோரி உறும ஆரம்பித்துவிட்டது. பிரமிளா இரண்டு டப்பாவையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

அலியா கேட் அருகே நின்றிருந்தாள். அவளும் வெகு நேரமாக ஒரே இடத்தில் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டும். மணலில் குழி விழுந்திருந்தது.

"நீ வரவே மாட்டேன்னு நெனைச்சேன்!" என்றாள் மலாயில். அப்புறம் அவளுக்குத் தெரிந்த தமிழில், "ஐயோ, ஏன் லேட்டு?" என்றாள்.

"கிஸ்மிஸ் போட்டது. நானே செஞ்சது."

அலியா அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். கன்னம் இரண்டும் புடைத்தன. ஏதோ சொன்னாள். எந்த மொழி என்றே புரியவில்லை.

ரோஸ்னா மாக்சிக் பச்சை டப்பாவை வாங்கிக்கொண்டார். ஊதா டப்பாவைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. மாக்சிக் பேசியது மலாய். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"இது உன் அம்மா விமலாவோட கோயில் டப்பா ஆச்சே. அம்மா குடுக்கச் சொன்னாங்களா?"

பொய் சொல்லலாமா என்று பிரமிளா ஒரு கணம் யோசித்தாள். மாக்சிக்கின் கண்ணைப் பார்த்ததும் அந்த யோசனை ஓடிவிட்டது.

"இல்ல மாக்சிக். அம்மாகிட்ட இனிமேதான் சொல்லணும். ஆனா நீங்க திருப்பித் தரணும். அனுப்பி வைக்கக் கூடாது. நீங்களே கையில தரணும்."

மாக்சிக் ஊதா டப்பாவையும் வாங்கிக்கொண்டார். பிறகு முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"உன் அம்மா போலீசோட வந்து நிப்பா! அதுவரைக்கும் இதுல குவே தவிர வேற எதுவும் படாது. சரியா?"

லோரி போனது. மாக்சிக்கின் கார் அதன் பின்னால் போனது. பின்கண்ணாடியில் ஊதா நிறம் தெரு முனை வரைக்கும் தெரிந்தது.

சாயங்காலம் அம்மா வந்தாள். காலையில் மாக்சிக்கிடம் கேட்டிலேயே நின்று, "போய்ட்டு வாங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேலைக்கு ஓடியவள். இப்போது பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டைப் பார்க்காமலே உள்ளே வந்தாள். தண்ணீர் குடித்தாள். அலமாரியின் உச்சியைப் பார்த்தாள்.

"என் டப்பா எங்க?"

அப்பா அவசரமாகத் துணி மூட்டைக்குப் பின்னால் போனார். பிரமிளா எல்லாவற்றையும் சொன்னாள். கிஸ்மிஸ், பட்டர் உட்பட. கடைசியாக, "முட்டை போடலம்மா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"தஞ்சோங் மாலிமுக்கா? என் சைவ டப்பாவா?" அம்மா கத்திய கத்தலில் கூரையில் கொட்டை விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி எடுத்தாள். "ஹலோ, ரோஸ்னாவா? வீட்டுக்குப் போய்ச் சேந்தாச்சா? என் டப்பா..."

அந்தப் பக்கம் மாக்சிக் ஏதோ பேசினார். நீளமாகப் பேசினார். அம்மாவின் குரல் இறங்கியது. "அதெல்லாம் வேணாம்... சரி, சைவமா இருந்தா... புது வீட்டு அடுப்பு எப்படி இருக்கு?... பிள்ளை அழுதாளா?" பேச்சு டப்பாவை விட்டு எங்கெங்கோ போனது. அம்மா ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள்.

போனை வைத்ததும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் தஞ்சோங் மாலிம் போறோம். என் டப்பாவ வாங்கிட்டு வரணும்."

"டப்பா வாங்கத்தானே போறோம்?" என்று அப்பா மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"பின்ன வேற எதுக்கு?" என்ற அம்மா உள்ளே போய், நல்ல சேலை ஒன்றை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.