ஏழாவது நிமிடம்

காலை ஒன்பது மணிக்குக் காபியைக் குடித்துவிட்டு, முன்கையில் புல்லரிப்புமானியைக் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க உட்காருவதுதான் மாசிலாவின் அரசாங்க வேலை. கொடுத்துவைத்தவள் என்று ஊரே சொன்னது. அந்த வேலையின் லட்சணம் அவளுக்குத்தான் தெரியும்.

மின்சாரம் அரிதாகிப்போன காலம் அது. எந்த இசைக்கும் சேமிப்பகத்தில் நாற்பது நொடிதான் இடம். பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும். மாசிலா கேட்பாள். அவள் கை முதலில் எங்கே புல்லரிக்கிறதோ, அங்கிருந்து நாற்பது நொடியை இயந்திரம் எடுத்துக்கொண்டு தட்டை உருக்கிவிடும். அங்கே வாய்ச்சொல் செல்லாது, தோல் சொன்னால்தான் செல்லும்.

திங்கட்கிழமை சேவியர் என்பவர் ஒரு தட்டோடு வந்தார். டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை, ஒன்பது நிமிடம்.

“ஏழாவது நிமிஷத்துல எங்க அக்கா ரெஜினா ஒரே ஒரு வரி பாடியிருப்பா, மேடம். அவ போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. அவ குரல்னு இருக்கறது இது ஒண்ணுதான். அந்த இடத்தை மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுத்துருங்க.”

“எல்லாம் மெஷின் பண்றதுங்க, நான் என்ன செய்ய?” என்றாள் மாசிலா. ஆனால் மனசு கேட்கவில்லை. “சரி, பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்க.”

டிரான்ஸ், புரோகிரஸிவ் ஹவுஸ் என்றாலே அவளுக்குக் கொஞ்சம் பயம். அவசரமே படாத ரகம். வெறும் டிரம்மில் தொடங்கி, ஒவ்வொரு ஒலியாகக் கூட்டிக்கொண்டே போகும். குரல் வருவதற்குள் தோல் முந்திக்கொண்டால் போச்சு! ஒரு தட்டை ஒரே தடவைதான் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் அதை மீறி, மானியைக் கழற்றி வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் தட்டைப் போட்டுப் பழகினாள். எங்கே அடங்குவது, எங்கே சிலிர்ப்பது என்று தோலுக்குப் பாடம் எடுக்கிற நினைப்பு.

முதல் நாள் அலுப்பாக இருந்தது. இரண்டாம் நாள், மூன்றாவது நிமிடத்தில் பேஸின் கனத்த அடிநாதம் மெல்ல உள்ளே நுழைவதைக் கவனித்தாள். மூன்றாம் நாள், டிரம் சட்டென்று நின்று ஒரே சுரம் நீண்டுகொண்டே போனபோது மூச்சுவிட மறந்தாள். பிறகு ரெஜினா வந்தாள். டிபன் பாக்ஸில் சோறு ஆறிக் கிடந்தது. அடி ஆத்தி, இத்தனை வருஷமும் எதை வெட்டி எறிந்துகொண்டிருந்தோம் என்று மாசிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நான்காம் நாள் நான்கு தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மானியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேவியர் நின்றார். ஊசி இறங்கியது. முதல் டிரம் அடி விழுந்தது. இனி வரப்போவது முழுவதும் அவளுக்குத் தெரியும். கை முழுக்கப் புல்லரித்தது.

இயந்திரம் மணியடித்தது.

“ஐயையோ, இங்க இல்ல! நிறுத்துங்க!” என்று மாசிலா கத்தினாள்.

நிறுத்த அங்கே யாரும் இல்லை. நாற்பதாவது நொடியில் ஊசி தானாக எழுந்தது. தட்டு உலைக்குள் சரிந்தது.

மாசிலா வெளியே வந்து எதையும் மறைக்காமல் சொன்னாள். “ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க. அதுலதான் கெடுத்துட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தாள். சேவியர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, இயந்திரம் எடுத்து வைத்த நாற்பது நொடியைப் போட்டார். அதில் இருந்தது வெறும் டிரம். வேறு யார் கேட்டாலும் கொட்டாவிதான் விடுவார்கள்.

அவர் கையிலும் ரோமம் எழுந்து நின்றது.

“இதோ, வந்துருவா,” என்றார்.

நாற்பது நொடி முடிந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.