பூவாயி படுத்த இடம்

“பூவாயி, இன்னும் கொஞ்சம் பேசுடி.”

வாய் தவறி வந்துவிட்டது. கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்ததை ராசாத்தி கேட்டுவிட்டாள். ‘போனவங்ககிட்ட எதையும் கேக்கக் கூடாது கண்ணு. கேட்டா குடுக்க வருவாங்க. வந்தா எடம் கேப்பாங்க.’ தங்கை பூவாயி செத்த இந்த ஐந்து மாதத்தில் அம்மா குப்பாயி மற்ற எல்லாவற்றிலும் மகளுக்கு விட்டுக் கொடுத்தாள், இதில் மட்டும் கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர்தான் ஒரு ‘டிங்’ அடித்து, மூன்றாவது பிளாப்பியைப் போடச் சொன்னது.

ராசாத்தி திரையையே பார்த்தாள். தங்கையின் குரல் இருந்த ஃபைலைப் பத்திரப்படுத்த எப்போதும் இரண்டு பிளாப்பி போதும். மாதம் ஒரு முறை நகல் எடுக்கிறாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மொத்தம் நாற்பத்து மூன்று நொடி. முதல் பிளாப்பி நிறையும், இரண்டாவதில் கொஞ்சம் இடம் மிஞ்சும். ‘பூ 1’, ‘பூ 2’ என்று அவள் கையாலேயே எழுதி ஒட்டியவை. மூன்று என்று ஒன்று கிடையாது.

வெளியே மதியம் மூன்று மணிக்கே பனி மஞ்சு இறங்கி, சில்வர் ஓக் மரங்களை இடுப்பு வரை விழுங்கியிருந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் புளித்த வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, அடுப்புப் புகையோடு கலந்து, ஈரக் கம்பளி போல அறையில் தொங்கியது.

கரடியூரில் அந்த வீட்டு வரிசையில் காலேஜ் படி மிதித்தவள் ராசாத்தி ஒருத்திதான். எஸ்டேட் ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலேயே அந்த எஸ்டேட்டுக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தாள். டிஸ்க் நிறைந்து போய் நேற்று ஒரு கடிதத்தைக்கூட அது ஏற்கவில்லை. கடிதம் வாங்க வந்த எஸ்டேட் ரைட்டர் சூசைமாணிக்கம் வாசலிலேயே நின்று சிரித்தார்.

“ஏனம்மா, உம் பொட்டிக்கு அஜீரணமா? ஓமத்தண்ணி குடுத்துப் பாரேன்.”

“உங்க எஸ்டேட்டு லெட்டரத் தின்னா எதுக்குத்தானுங்க செரிக்கும்?” என்று கதவைச் சாத்தினாள்.

அதனால்தான் இன்று காலை கல்லூரி ப்ராஜெக்ட்டையும் விளையாட்டுகளையும் அழித்து, பதினோரு எம்.பி. இடம் பிடித்தாள். தங்கை குரலையும் பிளாப்பிக்கு மாற்றிவிட்டு, டிஸ்க்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். எடுப்பதற்கு முன், பிளாப்பியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டாள். கேட்டாள். கேட்கக் கூடாததையும் கேட்டாள்.

பிளாப்பி கெட்டிருக்கும் என்று பேக்கப்பை நிறுத்தி, ஃபைலைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் பத்து நொடி.

காலையில் பிடித்த பதினோரு எம்.பி.யில் பத்துதான் மிச்சம் இருந்தது.

ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து ஓடவிட்டாள். சித்திரை மாதம் பதிந்தது அது. மைக்கை வாயில் வைத்துத் தின்பது போலப் பேசுவாள் பூவாயி. “ஆச்சாக்கா? ஓடுதா? ஏனுக்கா, இந்தப் பொட்டிக்குள்ள என் பேச்சு எவ்ளோ எடம் புடிக்கும்? நான் நொம்ப ஒல்லி. கொஞ்சம் எடம் போதுங்க்கா.” அப்புறம் அந்தச் சிரிப்பு. சிரிப்பின் நடுவில் விக்கல். நாற்பத்து மூன்று.

நாற்பத்து நான்கு.

மழை. ஓட்டின் மேல் சடசடவென்று, நின்று நின்று அடிக்கிற ஆடி மழை. அந்தச் சித்திரையில் ஒரு தூறல்கூடக் கிடையாது. மழைக்கு அடியில் வேறொன்றும் கேட்டது. துருத்தியில் ஓட்டை விழுந்தது போல, இழுத்து, இழுத்து, விடுகிற மூச்சு.

ஹெட்போனைக் கழற்றினாள்.

அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். ஆடியில், பூவாயியின் கடைசி நாளில், சாயந்தரம் வரை கேட்ட மூச்சு. மூன்று நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எஸ்டேட் ஜீப்பைக் கேட்டார்கள், விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அம்மா மருந்து வாங்கக் குப்பனூருக்கு இறங்கினாள், மழையில் பஸ் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும். இப்போது கம்ப்யூட்டர் இருக்கிற இந்த மூலையில் பூவாயி பாயில் கிடந்தாள். விடியும்போது விறைத்திருந்தாள்.

‘தூக்கத்துலயே போயிட்டா. ஒரு சத்தம் இல்ல.’ துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் ராசாத்தி இதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜீப்பைத் திட்டினாள். ஐந்து மாதமாக அந்த ஜீப்பைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிரவு தான் உள்ளறையில் காதில் ஹெட்போனோடு, பாட்டு ஓடவிட்டு, எஸ்டேட் கடிதங்களை விடிய விடிய அடித்துக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். செத்தவர் படுத்த இடத்தை ஒரு வருடத்துக்குக் காலியாக விடக் கூடாது. கேழ்வரகு மூட்டையை வைத்து அடைத்துவிட வேண்டும். அம்மாவும் அடைத்து வைத்தாள். உள்ளறையில் ஓடு ஒழுகியதும், வேறு பிளக் இருந்த இடம் இந்த மூலைதான் என்று, ராசாத்தி மூட்டையை அடுப்பங்கரைக்குத் தள்ளிவிட்டு மேசையைப் போட்டாள். அம்மா அழுதாள். “மூட்டைய வெச்சா ஆவி வராதா? நான் படிச்சவம்மா” என்று ராசாத்தி கத்தினாள். மேசைக்கு அடியில் தரை காலியாகவே கிடந்தது.

இப்போது அந்தத் தரையில் கால் வைக்கக் கூசியது. ஈரமாக இருந்தது. குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

திரையில் எண் மாறியிருந்தது. இரண்டு நிமிடம் ஐம்பது. காலி இடம் ஆறு எம்.பி.

ஓடவிடாமல் இருந்திருக்கலாம். ஓடவிட்டாள். இந்த முறை ஸ்பீக்கரில்.

மழை. மூச்சு. மழை.

“அக்கா.”

மெதுவாகத்தான் கூப்பிட்டாள். வேலையாக இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி.

“அக்கா, தண்ணி.”

மழை.

“அக்கா... பாட்டு கேக்கறியா? செரி. முடிச்சுட்டு வா.”

ராசாத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுப்பங்கரையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அம்மா வாசற்படியில் நின்றாள். கையில் களி கிண்டும் துடுப்பு, அதிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மகளைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் பார்த்தாள்.

“நீ என்னத்தக் கேட்ட?”

“ஒண்ணும் கேக்கல.”

“பொய் சொல்லாத சாமி. என்னத்தக் கேட்ட?”

“பேசச் சொன்னேன்.”

குப்பாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் மூச்சு இழுத்தது, அதே இழுப்பில் குப்பாயியின் மார்பும் ஏறியது. அது விடவில்லை. இவளும் விடவில்லை. உதடு நீலம் பாரித்தது. பிறகு அது விட்டது. இவளும் விட்டாள்.

“அழிச்சுடு கண்ணு,” என்றாள், காற்றுக்குத் திணறி. “அவ சின்னப் புள்ள... அவளுக்குத் தெரியாது. கெடச்ச எடத்துல எல்லாம் வந்து படுப்பா.”

மூன்று நிமிடம் நாற்பது. காலி இடம் நான்கு.

ராசாத்தி ஃபைலைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் கட்டையை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது கம்ப்யூட்டர். ஆம், இல்லை. ‘பூ 2’ பிளாப்பி மேசையில் கிடந்தது, சற்று முன் அதன்மேல் புதிதாக எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருந்தாள். பழைய குரலும் அதில் இனி முழுசாக இராது. அவசரத்தில் வேறு பிளாப்பி எடுக்காமல் இருக்கிற ஒன்றையே அழித்து எழுதிவிட்டாள், படித்தவள். ஆம் என்று சொன்னால் அந்தச் சிரிப்பு எங்கேயும் கிடையாது. விக்கல் கிடையாது.

“அக்கா,” என்றது ஸ்பீக்கர். “எடம் பத்தலக்கா.”

விரல் நின்றது.

“அழிடி!” என்றாள் அம்மா.

அன்றைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாள்? இன்னும் எவ்வளவு பாக்கி? விடியும் வரைக்குமா? அத்தனையையும் சொல்லாமல் சுமந்துகொண்டா இத்தனை நாள் இந்தத் தரையில் கிடந்தாள்?

ராசாத்தி ‘இல்லை’யை அழுத்தினாள்.

கரண்ட் போயிற்று.

திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. விசிறிச் சத்தம் அடங்கியது. மஞ்சு ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. அறை சாம்பலாயிற்று.

மூச்சு நிற்கவில்லை.

இழுத்து. இழுத்து. விட்டு.

ஸ்பீக்கரிலிருந்து இல்லை. கீழேயிருந்து.

குப்பாயி அடுப்பங்கரைக்கு ஓடினாள். கேழ்வரகு மூட்டையைத் தரதரவென்று இழுத்து வந்து, மேசையை இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் போட்டாள். போட்டுவிட்டு அதன் மேலேயே கவிழ்ந்து, “போ சாமி, போயிரு சாமி, அம்மாவுக்கு முடியல” என்று அழுதாள்.

ராசாத்தி பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள்.

“எங்கடி போற? என்னைய இப்படி வுட்டுட்டு எங்க போற?”

“சேலத்துக்கு. கடைசி பஸ் இருக்கு.”

“எதுக்கு?”

“பெரிய டிஸ்க் வாங்க.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகளின் முகத்தில் என்ன கண்டாளோ, மெல்ல எழுந்து, மூட்டையை விட்டுப் பின்னால் நகர்ந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு கீழே கேட்கும் இழுப்புக்குச் சரியாக ஏறி இறங்கியது.

“தண்ணி கேட்டா குடும்மா,” என்றாள் ராசாத்தி. “நான் வர்ற வரைக்கும் குடு.”

கதவைத் திறந்ததும் மஞ்சு உள்ளே பாய்ந்தது. படியில் நின்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மூட்டை அமுங்கிக்கொண்டிருந்தது. முதலில் தலை அளவுக்கு ஒரு குழி. பிறகு தோள். பிறகு ஒல்லியான இடுப்பு. கேழ்வரகு சரசரவென்று நகர்ந்து வழிவிட்டது. குழி மெல்ல அசைந்து, சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போயிற்று. ஒரே பாயில் படுத்த நாளெல்லாம் அக்கா வருவதற்குள் பூவாயி அப்படித்தான் ஒருக்களித்து நகர்ந்து, பாதிப் பாயை விட்டு வைப்பாள்.

இந்தப் பக்கம், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு, மூட்டை சமமாக, காலியாக இருந்தது.

ராசாத்தி கதவைச் சாத்தாமல் நடந்தாள்.