சிப்பியூசி

"இன்னும் ஒரு அகப்பை ஊத்தட்டா?" என்றாள் பிலோமி.

"வேண்டாம்ட்டி, இதுவே ஜாஸ்தி." ரொமால்டு கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

ஆழ்குடியில் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான். சோற்றைக் கண்டால் பேயைக் கண்டதுபோல ஓடுவார்கள். கடலுக்கடியில் ஊர் அமைத்தபோது, பிள்ளை பெறும் பாடு இருவருக்கும் பொதுவாகட்டும் என்று எல்லோருக்கும் சிப்பியூசி போட்டார்கள். சிப்பியின் குணம் உடம்பில் ஏறியது. சதை போட்டால் பெண், மெலிந்தால் ஆண். மாறி மாறிச் சுமக்கலாம் என்று கைதட்டி வரவேற்ற மகாராசன்களில் ரொமால்டும் ஒருவன். மறுநாளே பட்டினியைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பிள்ளைகளையும் பிலோமியே பெற்றாள்.

அவனுக்கு இப்போது சூரியனைப் பார்த்தாக வேண்டும். சுற்றிலும் தண்ணீர், தலைக்கு மேலும் தண்ணீர். நினைத்தாலே மூச்சு முட்டியது. கரைக்குப் போகும் ஊர்தியான மேலேறி வருடத்துக்கு ஒருமுறைதான் கிளம்பும்; அன்றுதான் அந்த நாள். குடும்பத்துக்கு ஒரே இடம். அழுத்த மாற்றத்தைக் கருப்பை தாங்காது என்பதால் பெண்ணுடலுக்கு அனுமதியில்லை.

கஞ்சியில் மீன் வாடை அடித்தது. கடலுக்கடியில் எதில்தான் அடிக்கவில்லை? மடமடவென்று குடித்தான். சில நாட்களாகச் சட்டை மார்பில் இறுகியது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தான்.

வழியனுப்பப் பிலோமியும் கூட வந்தாள். மேலேறியின் வாசலில் உடல்நோக்கி நின்றது. ஆளை அளந்து, பேரோடு வினையைச் சேர்த்து அறிவிக்கும் இயந்திரம் அது. ஆண்பால் விகுதிக்குத்தான் கதவு திறக்கும்.

"ரொமால்டு வந்தாள்," என்றது.

"தப்பு! நல்லா பாரு! இன்னொரு தடவ பாரு!" என்று கத்தினான். கதவு அசையவில்லை.

பிலோமி அவனை ஒதுக்கிவிட்டு முன்னே போனாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போதுதான் அதைக் கவனித்தான்.

"பிலோமி வந்தான்."

கதவு திறந்தது.

"என் பங்கு மீனெண்ணெய் அம்புட்டும் உன் கஞ்சியிலதான் ஊத்துனேன்," என்றான் பிலோமி. குரல் கட்டையாகியிருந்தது. "ரெண்டு பிள்ளையப் பெத்து நான் வீட்டுல இருந்தேன்லா? இனி நீ இரு. பதறாதட்டி."

கதவு மூடிக்கொண்டது. ரொமால்டு அதைக் கை வலிக்க அடித்துப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். வீட்டுப் பக்கமிருந்து, அப்போதுதான் விழித்த சின்னது 'அம்மா' என்று வீறிட்டது. வேறு யாரும் இல்லாததால் அவள்தான் போனாள்.